பலகையைத் தொட்டுப் பேசுவது எப்படி: ஏஏசி பயன்படுத்தும் மாணவருக்குச் சொல் வந்துசேர ஒரு முழு வழிகாட்டி

பேச்சு வராத, அல்லது வரும் பேச்சு போதாத ஒரு குழந்தைக்குப் படப் பலகையோ குரல் தரும் செயலியோ வந்து சேர்ந்த மறுநாள் பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது இதுதான். டீச்சர் பலகையை முன்னால் நீட்டுவார். "தண்ணி எங்க இருக்கு? தொடு பார்ப்போம்" என்பார். குழந்தை ஜன்னலைப் பார்க்கும். மறுபடி கேட்பார். மறுபடியும் ஜன்னல். மூன்றாவது வாரம் பலகை பீரோவுக்கு மேலே ஏறிவிடும். "இவனுக்கு இது சரிப்பட்டு வரலை" என்று கோப்பில் ஒரு குறிப்பும் ஏறிவிடும்.

நானும் என் முதல் இரண்டு மாணவர்களிடம் அப்படித்தான் செய்தேன். பிழை வரிசையில் இருந்தது. பேசும் குழந்தை தன் முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருடம் வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறது. அந்த ஒரு வருடமும் யாரும் அதற்குப் பரீட்சை வைப்பதில்லை. பலகைக்கு வரும் குழந்தையோ, பலகையில் யாரும் பேசிப் பார்த்ததே இல்லை. அதனிடம் மட்டும் முதல் நாளே பதில் கேட்கிறோம்.

பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ வரும் வழிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஏஏசி என்கிறார்கள்: படப் பலகை, படப் புத்தகம், டேப்லெட் செயலி, சைகை, கண் பார்வையால் காட்டுவது. தெரபியில் மாடலிங் என்று சொல்வது, நாம் பேசும்போதே முக்கியமான சொற்களை நாமும் குழந்தையின் பலகையில் தொட்டுக்கொண்டே போவது. இங்கே அதைத் தொட்டுப் பேசுவது என்றே எழுதுகிறேன். முதல் சில மாதங்களுக்கு உழைக்க வேண்டியது நம் விரல்தான்.

1. கையில் என்ன இருக்க வேண்டும்

டேப்லெட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏ4 தாளில் 28 கட்டம் போட்ட பலகை ஒன்று போதும். படங்களுக்கு ஸ்பெயினின் அரகோன் என்ற தன்னாட்சிப் பகுதியின் அரசு நடத்தும் அராசாக் தளம் இருக்கிறது. வணிகத்துக்கு இல்லாமல் பயன்படுத்துவோருக்கு இலவசம். செயலி வாங்க முடிந்தால், சென்னையில் உருவான ஆவாஸில் தமிழும் உண்டு. செயலி இருந்தாலும் காகிதப் பலகை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். சார்ஜ் தீரும், வெயிலில் திரை தெரியாது, கை கழுவும் இடத்துக்கு டேப்லெட்டைக் கொண்டுபோக யாரும் விடமாட்டார்கள்.

லேமினேஷன் போடும்போது பளபளப்பில்லாத மேட் தாளாகக் கேளுங்கள். பளபளப்புத் தாளில் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டால் நான்கு கட்டம் காணாமல் போய்விடும். நாம் நின்ற வாக்கில் பார்ப்பதால் நமக்கு அது தெரியாது. குழந்தையின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

உட்காரும் நிலையையும் முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குப் பாதம் தொங்கிக்கொண்டிருந்தால் இருக்கிற பலமெல்லாம் தலையை நிறுத்தவே போய்விடும், பலகைக்கு மிச்சம் இருக்காது. பிசியோதெரபிஸ்டைக் கேட்டுக் காலுக்கு ஒரு பெட்டியாவது வையுங்கள். விரலால் தொட முடியாத குழந்தைக்குக் கண்ணால் காட்டும் பலகை இருக்கிறது. அல்லது நாம் ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, குழந்தை தலையாட்டியோ கண் சிமிட்டியோ நிறுத்தும் முறை இருக்கிறது. எந்த வழியைக் குழந்தை பயன்படுத்தப் போகிறதோ, அந்த வழியிலேயே நாமும் பேசிக் காட்ட வேண்டும். இதைப் பேச்சுப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

"முதல்ல அஞ்சு நிமிஷம் உட்காரட்டும், படம் எல்லாம் அடையாளம் தெரியட்டும், அப்புறம் பலகை தரலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். படத்தின் அர்த்தமே அதைப் பயன்படுத்துவதைப் பார்த்துத்தான் வரும். நீந்தத் தெரிந்த பிறகு தண்ணீரில் இறக்கலாம் என்பது போன்ற கதை அது.

2. எந்தச் சொற்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

புதிதாக வருபவர் செய்யும் பலகையில் ஆப்பிள், பந்து, நாய், பஸ் என்று பொருள்களின் பெயராகவே இருக்கும். படம் சுலபமாகக் கிடைக்கிறது, அதனால். ஆனால் "ஆப்பிள்" என்று ஒரு நாளில் எத்தனை முறை சொல்ல வாய்க்கும்? "இன்னும்", "போதும்", "வா", "பாரு" என்பவற்றைக் காலை வணக்கம் முடிவதற்குள் பத்து முறை சொல்லிவிடலாம். நாம் அடிக்கடி தொட்டால்தான் குழந்தை அடிக்கடி பார்க்கும். எனவே எங்கேயும் செல்லுபடியாகும் அடிப்படைச் சொற்களே பலகையின் பெரும்பகுதியை அடைக்க வேண்டும். ஆங்கிலப் பேச்சில் சில நூறு சொற்களே ஏறக்குறைய 80 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பொருள்களின் பெயர்களைக் கீழே ஒரு தனிப் பட்டையில் வைத்து மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

சரி, அந்த ஆங்கிலப் பட்டியலையே தமிழாக்கி ஒட்டிவிடலாமே என்று தோன்றும். நான் அப்படி ஒட்டி மாட்டிக்கொண்ட இடங்கள் இவை.

மறுப்பு. ஆங்கிலப் பலகையில் மறுப்புக்கு ஒரு கட்டம் இருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். நமக்கு "வேணாம்" வேறு, "இல்ல" வேறு, "முடியல" வேறு, "மாட்டேன்" வேறு. என் முதல் பலகையில் "இல்ல" மட்டும்தான் இருந்தது. சாப்பாட்டை ஒதுக்கிய ஒரு பெண் குழந்தை அதைத் தொட்டபோது உதவியாளர், "இருக்கே, நிறைய இருக்கே" என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தார். அவர்மேல் குற்றமில்லை. குறைந்தது மூன்று மறுப்புக் கட்டங்கள் வையுங்கள்.

"நான்" மட்டும் போதாது, "எனக்கு" வேண்டும். வேணும், பிடிக்கும், வலிக்குது, தெரியும், பசிக்குது என்று குழந்தை முதலில் சொல்ல விரும்புகிற எல்லாமே "எனக்கு" என்றுதான் தொடங்கும். "நான் வேணும்" என்று தொடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பின்னால் திருத்துவது வீண் வேலை.

வினையின் வடிவம். "போ" என்ற ஒரு கட்டம்தான் இருக்கும். போனேன், போறேன், போலாமா என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட இடம் கிடையாது. பரவாயில்லை. நாம் வாயால் "பார்க்குக்குப் போலாமா?" என்று முழுதாகச் சொல்வோம், விரல் "போ" கட்டத்தில் இருக்கும். காலம் காட்டுவதும் யார் என்று காட்டுவதும் பின்னால் வரும்.

பேச்சு வழக்கு. கட்டத்தில் "வேண்டும்", "கொடு" என்று அச்சடித்தால் செயலியின் குரல் செய்தி வாசிப்பது போல இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "வேணும்", "குடு" என்றே எழுதுங்கள். செயலியின் குரல் பேச்சுத் தமிழில் தடுமாறினால், அதே வயதுக் குழந்தை ஒன்றைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து போடுங்கள். சோறா சாதமா, தண்ணியா தண்ணீரா, ஆத்தாவா பாட்டியா என்பதை வீட்டில் கேட்டுக்கொண்டு அந்தச் சொல்லையே வையுங்கள்.

மரியாதை. இது ஒரு தனித் தொல்லை. "வா", "போ" என்று தொட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். முதல் வருடம் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பேசும் குழந்தைகளும் அப்படித்தான் தொடங்குகின்றன. அப்புறம் "வாங்க", "குடுங்க" சேர்க்கலாம். முன்கூட்டியே சேர்த்தால் ஒரே சொல்லுக்கு இரண்டு கட்டமாகி இடம்தான் போகும்.

நான் இப்போது தொடங்கும் 28 சொற்கள்: நான், எனக்கு, நீ, இது, அது, யாரு, என்ன, எங்க, இன்னும், போதும், அப்புறம், நல்லா, சூடு, மேல, உள்ள, வா, போ, குடு, எடு, பாரு, செய், உதவி, பிடிக்கும், வலிக்குது, முடியல, இல்ல, வேணும், வேணாம். இது வேதவாக்கு இல்லை. உங்கள் மாணவருக்கு "தூக்கு" முக்கியமாக இருக்கலாம், அப்படியானால் "உள்ள" போகட்டும். ஆனால் "வலிக்குது" மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது.

3. எந்தச் சொல் எங்கே

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஆனால் ஆங்கிலப் பலகையைத் தமிழாக்கினால் வினைகள் இடது பக்கத்திலும் பொருள்கள் வலது பக்கத்திலும் நிற்கும். "எனக்கு இன்னும் வேணும்" என்று தொட விரல் முன்னும் பின்னும் தாவ வேண்டியிருக்கும். கையசைவு சிரமமாக உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு தாவலும் உழைப்பு. ஆட்களையும் கேள்விச் சொற்களையும் இடது ஓரத்தில், நல்லா, சூடு போன்ற தன்மைச் சொற்களை நடுவில், வினைகளை வலது பக்கத்தில் வையுங்கள். வேணும், வேணாம் இரண்டும் வலது ஓரக் கடைசி நெடுவரிசையில், ஆனால் ஒன்றையொன்று ஒட்டாமல் இருக்கட்டும். ஒட்டியிருந்தால் விரல் கொஞ்சம் வழுக்கினாலும் எதிர்ப்பதம் ஆகிவிடும்.

பின்னணி நிறத்துக்கு ஃபிட்ஸ்ஜெரால்ட் முறையின் இன்றைய வடிவத்தைப் பலரும் பின்பற்றுகிறார்கள்: ஆட்களுக்கு மஞ்சள், வினைக்குப் பச்சை, தன்மைக்கு நீலம், பொருளுக்கு ஆரஞ்சு. எந்த முறை என்பது பெரிய விஷயமில்லை. பள்ளியிலும் வீட்டிலும் ஒரே நிறமாக இருந்தால் சரி.

இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள். இருட்டில் நம் வீட்டு ஃபேன் சுவிட்சை நாம் தேடுவதில்லை, கைக்கே தெரியும். பலகையும் கைக்குப் பழக வேண்டும். முதலில் ஆறு சொல், அப்புறம் பன்னிரண்டு என்று ஒவ்வொரு முறையும் புதிய பலகை அடித்தால் பழகிய இடமெல்லாம் பாழ். 28 கட்டத்தையும் முதல் நாளே அடித்துவிட்டு, அதிகம் என்று தோன்றினால் சிலவற்றின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மறையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக உரிக்கலாம். இடம் மாறாது.

4. முதலில் நீங்கள் படியுங்கள்

குழந்தையிடம் போவதற்கு முன் ஒரு வாரம் நீங்கள் பலகையோடு பழக வேண்டும். இந்தப் படியை யாரும் மதிப்பதில்லை, எல்லாரும் இங்கேதான் விழுகிறார்கள். பேச்சு நடுவில் "இரு, 'போதும்' எங்க இருக்கு... ம்ம்..." என்று நாம் தேடினால், குழந்தையின் கவனம் நம் தேடலோடு போய்விடும்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது பலகையை மேசையில் வைத்துப் பத்து நிமிடம் அதிலேயே பேசிப் பாருங்கள். என் மகன் இரண்டாம் நாள், "சட்னிக்கு எங்கம்மா கட்டம்?" என்றான். இல்லை. "அது குடு" என்று தொடச் சொன்னேன். அந்தத் தவிப்பு நமக்கும் தெரிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பத்துச் சொல்லின் இடத்தைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

5. ஒரே ஒரு வேளை

நாள் முழுதும் எல்லாவற்றையும் தொட்டுப் பேசுவேன் என்று கிளம்பினால் புதன்கிழமைக்குள் களைத்துவிடுவோம். தினமும் தவறாமல் வரும், குழந்தைக்குப் பிடித்த, பத்து நிமிட வேளை ஒன்றைப் பிடியுங்கள். தினமும் வருவதால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்.

எனக்குக் கைகொடுத்தது சத்துணவு முட்டை. சூடாக வரும், ஓடு உடைக்க வேண்டும், உதவி தேவைப்படும், பிடித்தவருக்கு இன்னொன்று வேண்டும், பிடிக்காதவருக்கு வேண்டவே வேண்டாம். ஒரு முட்டைக்குள் கேட்பது, மறுப்பது, புகார், கருத்து எல்லாம் இருக்கிறது.

என்ன சொல்வேன், எதைத் தொடுவேன் என்று முதல் நாள் இரவே எழுதிக்கொள்ளுங்கள். என் தாளில் இருந்தது இப்படி:

"அடடா, முட்டை வருது!": வா
"ஐயோ, இது சூடா இருக்கு": சூடு
"ஓட்டை எடுக்கலாம்": எடு
"எனக்கு வரலையே, யாராவது உதவி பண்ணுங்க": உதவி
"எங்க போச்சு மஞ்சக்கரு? பாரு, உள்ள இருக்கு": உள்ள
"நல்லா இருக்கே!": நல்லா
"எனக்குப் போதும்பா": போதும்

ஏழு வரி, ஏழு சொல். இதில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வரி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் முட்டை சாப்பிடுகிறேன், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

6. தொட்டுப் பேசும்போது

பலகை, உங்கள் முகம், நடக்கிற காரியம் மூன்றும் குழந்தையின் ஒரே பார்வைக்குள் வர வேண்டும். எதிரே உட்கார்ந்தால் பலகை உங்களுக்குத் தலைகீழாக இருக்கும். பக்கவாட்டில், கொஞ்சம் சாய்ந்து உட்காருவது எனக்கு வசதி.

வாக்கியத்தை வாயால் முழுதாகச் சொல்லுங்கள், முக்கியமான ஒன்றிரண்டு சொல்லை மட்டும் தொடுங்கள். எல்லாச் சொல்லையும் தொட முயன்றால் பேச்சின் ஓட்டம் செத்துவிடும். "சூடு... முட்டை..." என்று குழந்தையிடம் மழலையாகவும் பேச வேண்டாம், அதற்குக் காது நன்றாகக் கேட்கிறது என்றால் இயல்பான தமிழ் அதற்குத் தேவை.

எத்தனை சொல் தொடுவது? குழந்தை இப்போது இருக்கும் படிக்கு ஒரு படி மேலே. இன்னும் ஒன்றும் தொடாத குழந்தைக்கு நீங்கள் ஒரு சொல் தொடுங்கள். ஒரு சொல் தொடும் குழந்தைக்கு "இன்னும் வேணும்" என்று இரண்டு. நான்கு சொல் வாக்கியத்தை முதல் மாதமே தொட்டுக் காட்டினால் எது முக்கியம் என்றே புரியாது.

விரலை வைத்த இடத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள். பதற்றத்தில் எல்லாரும் கொத்திக்கொத்தி எடுப்பார்கள், குழந்தையின் கண் வந்து சேர்வதற்குள் விரல் போயிருக்கும். தவறான கட்டத்தைத் தொட்டுவிட்டால், "அச்சோ, இது இல்ல, இது" என்று சொல்லித் திருத்துங்கள். தப்பானால் என்ன செய்வது என்பதையும் குழந்தை நம்மிடம்தானே பார்க்க வேண்டும்.

குழந்தை பலகையைப் பார்க்கவே இல்லையா? தொட்டுக்கொண்டே போங்கள். ஓரக்கண்ணால் பார்ப்பவர்கள் நிறைய. "இங்க பாரு, இங்க பாரு" என்று முகத்தைத் திருப்பாதீர்கள்.

7. காத்திருப்பது

ஒரு சொல் தொட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கையை எழுப்பவே நேரம் எடுக்கும் குழந்தைக்கு இருபது. நமக்கு அது ஒரு யுகம் போலத் தோன்றும். அதற்குள், "என்னடா, வேணுமா, வேணாமா, சொல்லு" என்று மூன்று கேள்வி கேட்டுவிடுவோம். ஒவ்வொரு கேள்விக்கும் குழந்தை மறுபடி முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கும்.

எண்ணி முடித்தும் ஒன்றும் வரவில்லை என்றால், இன்னொரு முறை நீங்களே தொட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "தொட்டாத்தான் தருவேன்" என்பது கூடாது. சாப்பாட்டுக்குப் பலகை சுங்கச் சாவடியானால் குழந்தை பலகையை வெறுக்கும்.

8. எதைத் தொட்டாலும் பதில்

என் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், ஆறு வாரம் ஒன்றும் தொடவில்லை. ஏழாவது வாரம் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் "போ" என்று தொட்டான். உதவியாளர் அக்கா, "மிஸ்ஸைப் பார்த்துப் போன்னு சொல்ற, பாரு" என்று அதட்டினார். வேண்டுமென்றே தொட்டானா, கை பட்டுவிட்டதா, எனக்கும் தெரியாது. எழுந்து கதவு வரை போனேன். அவன் சிரித்தான். அக்கா சட்டென்று புரிந்துகொண்டு "வா" கட்டத்தைத் தொட்டார், நான் திரும்பி வந்தேன். அன்று பதினொரு முறை கதவுக்குப் போய் வந்தேன். கடைசி மூன்று "வா" அவன் தொட்டது.

தற்செயலாகத் தொட்டாலும் அதற்கு ஒரு விளைவு நடந்தால்தான், தொட்டால் உலகம் அசையும் என்பது குழந்தைக்குத் தெரியும். பதில் சொல்லும்போது ஒரு சொல் சேர்த்துத் திருப்பித் தாருங்கள். அவன் "சூடு" என்றால் நீங்கள், "ஆமா, இது சூடு" என்று இரண்டையும் தொடுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டாம்.

ஒரே கட்டத்தை நாற்பது முறை அழுத்துவது, எல்லாவற்றையும் வரிசையாக அழுத்திக் கேட்பது, இதெல்லாம் மழலை. டேப்லெட்டைப் பிடுங்காதீர்கள். குரல் தலைவலியாக இருந்தால் ஒலியைக் கொஞ்சம் குறைக்கலாம், அணைக்கக் கூடாது.

9. கையைப் பிடிக்காமல் உதவுவது

குழந்தையின் கையைப் பிடித்துக் கட்டத்தில் வைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் உதவி. அப்படி வைத்த சொல் யாருடையது? நம்முடையதுதான். கை பிடிக்கப்படும் வரை சும்மா இருப்பது என்பதையே குழந்தை கற்றுக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி, நாங்கள் கையை நீட்டுவதற்காக மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காத்திருப்பாள். அதை மறக்கவைக்க ஒரு வருடம் ஆயிற்று.

முதலில் காத்திருங்கள். அப்புறம் குழந்தையைப் பார்த்துவிட்டுப் பலகையைப் பாருங்கள். அதற்கும் ஒன்றுமில்லையென்றால் பலகையைக் கொஞ்சம் அருகில் தள்ளுங்கள். கடைசியாக நீங்களே தொட்டுப் பேசுங்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

10. பாடத்துக்குள்

முட்டை வேளை பழகிவிட்டால் பாடத்துக்குள் போகலாம். இங்கே வருகிற சிக்கல் வேறு. அறிவியல் பாடத்தில் ஆவியாதல், சுருங்குதல், மேகம், நீராவி என்று வாரத்துக்குப் பத்துப் புதுச் சொல் வரும். அத்தனைக்கும் கட்டம் செய்து, பாடம் முடிந்ததும் குப்பையில் போடுவது ஆசிரியரைத்தான் சோர்வாக்கும். "ஆவியாதல்" கட்டத்தை ஒரு குழந்தை தொட்டால் அதற்குப் புரிந்திருக்கிறதா என்றும் தெரியாது.

கேள்வியை மாற்றுங்கள். "தண்ணியைச் சூடு பண்ணினா என்ன ஆகும், சொல்லு" என்று கேட்டால் "சூடு, மேல, போ" என்று இருக்கிற சொற்களிலேயே பதில் வரும். "தண்ணி" மட்டும் கீழ்ப் பட்டையில் இருக்கட்டும். பாடம் நடத்தும்போது நீங்களும், "தண்ணி சூடாச்சுன்னா மேல போயிடும். அதுக்குப் பேர் ஆவியாதல்" என்று சொல்லி மூன்று கட்டத்தையும் தொடுங்கள். கலைச்சொல்லைக் காது கேட்கட்டும், அர்த்தத்தைப் பலகை சொல்லட்டும். ஒரு பாடத்துக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படும் இரண்டு மூன்று பெயர்களுக்கு மட்டும் புதுக் கட்டம் போடுங்கள்.

வகுப்புக்கு ஒரு பெரிய பலகை வேண்டும். அதே பலகையை, அதே இடம் அதே நிறத்தோடு, ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் நான்கடி அகலத்தில் அடித்துக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன். கோலால் தொட்டுக்கொண்டே பாடம் நடத்தினால் எல்லாக் குழந்தைகளும் பார்க்கிறார்கள். இரண்டே வாரத்தில் மற்ற பிள்ளைகள் அதில் தொட்டுப் பேசித் தங்களுக்குள் ரகசியம் சொல்லத் தொடங்கினார்கள். நான் திட்டமிட்ட எதையும்விட அது அதிகம் உதவியது, ஏனென்றால் அந்தப் பையனுக்கு அவன் மொழியில் பேசும் ஆட்கள் முப்பது பேர் கிடைத்தார்கள்.

11. வீடு

வீட்டுக்கு முழுப் பலகையையும் நீண்ட குறிப்பையும் கொடுத்து அனுப்பினால் அது பள்ளிப் பைக்குள்ளேயே இருந்து திரும்பி வரும். வாரத்துக்கு ஒரு சொல், ஒரு வேளை. "இந்த வாரம் 'இன்னும்'. குளிக்கும்போது ஒவ்வொரு சொம்புக்கும் முன்னாடி தொடுங்க" என்று அம்மாவிடம் செய்து காட்டுங்கள். எழுதிக் கொடுப்பதைவிட ஒரு நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது நல்லது, பாட்டிக்கும் போய்ச் சேரும்.

"பலகை கொடுத்தால் பேச்சே வராமல் போயிடுமா?" என்று நிச்சயம் கேட்பார்கள். ஏஏசி பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. அதற்காக "பேச்சு வந்துவிடும்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

12. எதைக் கணக்கெடுப்பது

முதல் இரண்டு மாதம் குழந்தை எத்தனை சொல் தொட்டது என்று எழுதாதீர்கள், நீங்கள் எத்தனை தொட்டீர்கள் என்று எழுதுங்கள். இடது பாக்கெட்டில் இருபது புளியங்கொட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை தொட்டுப் பேசினால் ஒன்றை வலது பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். நிறையத் தொட்டேன் என்று நினைத்திருந்த முதல் நாள் எனக்கு மாறியது ஆறு.

குழந்தை தொடத் தொடங்கிய பிறகு எண்ணிக்கையோடு எதற்காகத் தொட்டது என்பதையும் குறியுங்கள்: கேட்பதற்கா, மறுப்பதற்கா, கூப்பிடவா, கருத்துச் சொல்லவா, கேள்வி கேட்கவா. இரண்டு மாதமாகக் "கேட்பது" மட்டுமே இருந்தால், நாமும் கேட்பதற்கு மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். "நல்லா", "பாரு", "என்ன" இவற்றை நம் விரல் அதிகம் தொட வேண்டும்.

13. திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகள்

பலகையைத் தெரபி நேரத்தில் மட்டும் எடுப்பது. மற்ற நேரம் குழந்தைக்கு வாய் இல்லையா?

சேட்டை செய்ததற்குத் தண்டனையாகப் பலகையைப் பிடுங்குவது, பரீட்சை அறைக்குள் அனுமதிக்காமல் இருப்பது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தொடர்பு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே ஏஏசி முறையும் சேர்ந்திருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் பேசும்போது அதை எடுத்துச் சொல்லுங்கள்.

"தொட்டுட்டே, சரி, இப்ப வாயால சொல்லு" என்பது. சொல்லியாகிவிட்டது. இன்னொரு முறை எதற்கு?

ஒரு மாதத்தில் பலன் இல்லை என்று செயலியை மாற்றுவது. இடமெல்லாம் மாறும், மறுபடி பூஜ்யம்.

14. ஜூன் மாதத்துக்கு முன்

வகுப்பு மாறும்போதுதான் நிறையப் பலகைகள் காணாமல் போகின்றன. ஏப்ரல் முடிவதற்குள் அடுத்த ஆசிரியரை ஒருமுறை முட்டை வேளைக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: தானாகத் தொடும் சொற்கள், நாம் தொட்டுக்கொண்டிருக்கும் சொற்கள், எத்தனை நொடி காத்திருக்க வேண்டும், எந்தப் பக்கம் உட்கார வேண்டும், ஆமாம் என்பதை எப்படிக் காட்டும், இல்லை என்பதை எப்படிக் காட்டும்.

பலகையின் கோப்பை பென்டிரைவில் போட்டு அம்மாவிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள். விடுமுறையில் அத்தை வீட்டு ஊஞ்சலில் பலகை கிழிந்தால், அங்கேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் அடித்துக்கொள்ளலாம்.